டிபன் டப்பாவில் வந்த கார் சாவி

"சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

"என்ன விளையாடறியா? உன்கிட்டதானே குடுத்தேன்!"

கல்யாணமாகிப் பல வருடம் ஆனவர்களுக்கு இந்த இரண்டு வரி போதும். மீதியை நீங்களே எழுதிவிடுவீர்கள். ஆனாலும் சொல்கிறேன்... ஏனென்றால், இது நீங்கள் நினைக்கிற மாதிரி முடியவில்லை.

போன வாரம் நாங்கள் பெங்களூரில் இருந்தோம். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கணவர் சேகரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு — சில மாதங்களுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். அன்றிலிருந்து நான் அவரை நம்புவதில்லை. "வாக்கிங் போனேன்" என்றால் செருப்பைப் பார்ப்பேன். "ஒரே ஒரு வடைதான்" என்றால் ஓட்டல்காரரின் முகத்தைப் பார்ப்பேன்.

டாக்டர் "இனி கார் ஓட்டலாம், ஒரு சின்ன டூர் போய்ட்டு வாங்களேன்" என்றார். சென்னையிலிருந்து ரயிலில் வந்து, ஊர் சுற்ற ஒரு வெள்ளைக் காரை செல்ஃப் டிரைவ் வாடகைக்கு எடுத்தோம். மறுநாள் காலை நந்தி மலை. அதற்கு முன் மல்லேஸ்வரத்தில் நல்ல காபி, கொஞ்சம் கடைவீதி. இவ்வளவுதான் திட்டம்.

எட்டாவது கிராஸ் மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில், மரநிழலில் காரை நிறுத்தினோம். நின்றுகொண்டே குடிக்கும் ஓட்டலில் காபி குடித்தோம். அவரைக்காய் சீசன். நடைபாதை முழுக்கப் பச்சைக் குவியல். ஊருக்கு எடுத்துப் போகலாமென்று அள்ளி அள்ளி வாங்கினேன். திரும்பிக் காருக்கு வந்தால்... சாவி இல்லை.

அவர் சட்டைப் பை, பேண்ட் பை. என் கைப்பை. அவரைக்காய் இருந்த மஞ்சள் பை. எல்லாவற்றையும் கார் பானெட்டின் மேல் கொட்டினோம். அவரைக்காய் ஒன்றொன்றாகச் சரிந்து ரோட்டில் விழுந்ததுதான் மிச்சம்.

"டம்ளர வாங்கணும், இதப் பிடின்னு சொல்லி உன் கையில குடுத்தேன்."

"நீங்க குடுத்தது சில்லறை."

"சில்லறைக்கும் சாவிக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?"

தெரியும். ஆனால் கையில் வாங்கினேனா இல்லையா என்பதுதான் தெரியவில்லை! இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்வோம்? நம் மறதியை ஒப்புக்கொள்வோமா? மாட்டோம். திருடனைத் தேடுவோம்.

எனக்கு ஒருவன் உடனே கிடைத்தான். கறுப்பு டி-ஷர்ட். நாங்கள் காருக்குத் திரும்பியதிலிருந்து தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டிருந்தான். நடுநடுவே எங்கள் காரையே பார்த்தான். போனில் யாரிடமோ, "இன்னும் இங்கதான் நிக்கறாங்க... போகல" என்றான். கேட்டவுடன் எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது.

"என்னங்க, அந்தப் பையனப் பாருங்க."

"பார்த்தேன். நானும் அவனத்தான் பார்த்துட்டிருக்கேன்."

அன்று காலையிலிருந்து நாங்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

நான் நேராக அவனிடம் போனேன். "என்னப்பா, ரொம்ப நேரமா எங்க காரையே பார்த்துட்டிருக்கே?"

அவன் முகம் மலர்ந்தது. "எடுக்கறீங்களா ஆன்ட்டி? அரை மணியா பார்க்கிங்குக்கு வெயிட்டிங். என் ஒய்ஃப் கார்ல ரவுண்டு அடிச்சிட்டே இருக்கா."

எடுக்கவில்லை என்று சொன்னபோது, அவன் என்னைப் பார்த்த பார்வையில்தான் உண்மையான குற்ற நோக்கம் இருந்தது.

சிரிப்பு வந்ததா? எனக்கும் வந்திருக்கும். ஆனால் அதற்குள் வேறொன்று நினைவுக்கு வந்தது. சேகரின் போன் காருக்குள் சார்ஜில் இருந்தது. டேஷ்போர்டுக்குள் அவருடைய மாத்திரை டப்பாவும், டாக்டர் சீட்டு இருந்த ஃபைலும். மத்தியானம் போட வேண்டிய மாத்திரையை விடுங்கள் — நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்க வேண்டிய அந்தச் சின்ன மாத்திரையும் அதற்குள்தான்.

எந்நேரமும் சட்டைப் பையில் இருக்க வேண்டியது. "கார் பக்கத்துலதானே நிக்கப் போகுது" என்று அங்கே வைத்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

அவர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தார். கை மெல்ல நெஞ்சுக்குப் போனது.

"ஏன் நெஞ்சத் தடவறீங்க?"

"காபி கொட்டிடுச்சு."

"எங்க, காட்டுங்க."

காட்டினார். காபிக் கறைதான். ஆனால் கறை இருக்கிறது என்பதற்காக வலி இல்லை என்று ஆகிவிடுமா? அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். வேர்வை. வெயில் வேர்வையா, வேறு வேர்வையா? ஸ்டென்ட் வைத்த மனிதரோடு வாழ்வது இதுதான். அவர் வேர்வையைக்கூட விசாரிக்க வேண்டியிருக்கிறது.

அப்போது காருக்குள் அவர் போன் அடித்தது.

டேஷ்போர்டின் மேலே வெளிச்சம் மின்னி மின்னி அணைகிறது. யார் கூப்பிடுகிறார்கள்? நாங்கள் இருவரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தோம். கையால் வெயிலை மறைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பூட்டிய காருக்குள் இப்படி எட்டிப் பார்க்கும் ஜோடியைக் கண்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அந்த போன் அடங்கியதும் என் கைப்பைக்குள் என் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"ஹலோ... வாடகைக்குக் காரு எடுத்தது நீங்கதானா?" வயதான பெண் குரல். பெங்களூர்த் தமிழ்.

"நீங்க யாரு?"

"அத நான் சொல்ல மாட்டேன். காரு எடுத்தீங்களா, இல்லையா? அத சொல்லுங்க."

கட் பண்ணிவிட்டேன்.

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? பார்சலில் போதைப் பொருள் வந்திருக்கிறது, உங்கள் பேரில் லோன் இருக்கிறது, மின்சாரம் இன்றைக்குக் கட்டாகும்... தினமும் எத்தனை குரல்! பேரைச் சொல்லாமல் ஊரை விசாரிக்கும் குரலுக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

காரின் பின்கண்ணாடியில் கம்பெனி நம்பர் ஒட்டியிருந்தது. அதற்குப் போன் செய்தேன். ஒரு இளைஞர் எடுத்தார்.

"சாவி காணோமா மேடம்? இப்பத்தான் ஒரு லேடி பேசினாங்க. சாவி அவங்க பைக்குள்ள இருக்குதாம். சாவில தொங்கற டேக்ல நம்ம நம்பர் பார்த்துப் பண்ணாங்க. சாரோட நம்பர்ல யாரும் எடுக்கல, அதான் உங்க நம்பர் குடுத்தேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "மேடம்... தப்பா நினைச்சுக்காதீங்க. கார வேற யாருக்காவது ஓட்டக் குடுத்தீங்களா?"

"என்னப்பா சொல்றே? நாங்க ஏன் குடுக்கறோம்?"

"இல்ல மேடம், சில பேரு அப்படிப் பண்றாங்க. அதான் கேட்டேன். ஸ்பேர் சாவி நம்ம மெயின் ஆபீஸ்ல இருக்கு, எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டி. அனுப்பினா சாயந்திரம் ஆயிடும். டிராஃபிக் உங்களுக்கே தெரியும்."

ஆக, கம்பெனிக்கு எங்கள்மேல் சந்தேகம். எனக்கு அந்தப் பெண்மணிமேல். சாவி அவர் பைக்குள் எப்படிப் போகும்? காலா இருக்கிறது அதற்கு?

சேகர்தான் சொன்னார். "அவரைக்காய்க் குவியல்கிட்ட இன்னொரு அம்மாவும் பொறுக்கிட்டிருந்தாங்களே... அவங்க கையிலயும் மஞ்சப் பைதான்."

இருந்தார். கட்டம் போட்ட புடவை, பெரிய கண்ணாடி. இருவரும் பையைத் தரையில் வைத்துவிட்டுப் போட்டி போட்டுக்கொண்டு பிஞ்சாகப் பார்த்துப் பொறுக்கினோம். அப்போது கையிலிருந்த எதையோ பைக்குள் போட்ட மாதிரி லேசாக ஒரு ஞாபகம். எதை? யார் பையில்?

இதைச் சேகரிடம் அப்போது சொல்லவில்லை என்பதை நீங்கள் புரிந்துகொள்வீர்கள்.

நல்லவேளை, போன் மறுபடி அடித்தது.

"கட் பண்ணாதீங்க!" என்றது அதே குரல். "ஒங்க சாவி என் பைக்குள்ள எப்படி வந்துச்சு? மொதல்ல அத சொல்லுங்க."

"தவறுதலா விழுந்திருக்கும்மா. பக்கத்துப் பக்கத்துல பை இருந்துச்சு..."

"அப்படித்தான் சொல்வீங்க. எனக்கு வாட்ஸ்அப்ல வந்துச்சு. சாவிக்குள்ள மெஷின் வெச்சி பைக்குள்ள போட்டுடுவாங்களாம். அத வெச்சி வீடு எங்கன்னு கண்டுபிடிச்சி, ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்துடுவாங்களாம். அதான் எவர்சில்வர் டப்பாவுக்குள்ள போட்டு இறுக்க மூடி வெச்சிருக்கேன். இப்ப ஒண்ணும் தெரியாது ஒங்களுக்கு."

இவரை நான் மோசடிக்காரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். இவர் என்னைக் கொள்ளைக் கூட்டத்தின் ஆள் என்று முடிவே கட்டிவிட்டார்! 

"என்ன கலர் காரு?" — விசாரணை தொடங்கியது.

"வெள்ளை."

"ஊர்ல பாதி காரு வெள்ளதான். உள்ள என்ன இருக்கு?"

"டேஷ்போர்டுல மாத்திரை டப்பா இருக்கு. பச்சை டப்பா. என் வீட்டுக்காரருக்கு ஹார்ட் பிரச்சினை. நெஞ்சு வலி வந்தா நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரையும் அதுக்குள்ளதான் இருக்கு." சொல்லச் சொல்ல என் குரல் உடைந்துவிட்டது. நானே எதிர்பார்க்கவில்லை.



"இப்படி அழுதுதான் கூப்பிடுவாங்க" என்றார். ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை. "எங்க நிக்கறீங்க?"

தெருவையும் மரத்தையும் எதிரிலிருந்த பூக்கடையையும் சொன்னேன்.

"நானே வர்றேன். ஆட்டோ பிடிச்சு வர நேரமாகும். ரெண்டு பேரு மட்டும்தான் நிக்கணும். காருக்குப் பக்கத்துல நிக்கக் கூடாது. பூக்கடைகிட்ட, எனக்குத் தெரியற மாதிரி நில்லுங்க. என் பையனுக்கு லைவ் லொகேஷன் போட்டுட்டுத்தான் கெளம்பறேன், பார்த்துக்கோங்க."

வைத்துவிட்டார்.

சேகர் என்னையே பார்த்தார். "சாவி அவங்ககிட்ட இருக்கு. கார் எங்க இருக்குன்னு நீயே சொல்லிட்ட. பக்கத்துல நிக்காதீங்கன்னு வேற சொல்றாங்க... யோசிச்சியா?"

யோசிக்கவில்லை. இப்போது யோசித்தேன். ஆள் ஒருவரை அனுப்பி, நாங்கள் பூக்கடையில் நிற்கும்போது காரை எடுத்துக்கொண்டு போய்விட்டால்? மாத்திரையோடு, போனோடு?

பூக்கடைக்குப் போகவில்லை. காரோடும் ஒட்டவில்லை. இரண்டுக்கும் நடுவில், நடைபாதையில், அவரை நிழலில் உட்கார வைத்து நான் நின்றேன். ஒரு கண் கார்மேல். ஒரு கண் அவர்மேல். ஒவ்வொரு ஆட்டோவுக்கும் நெஞ்சு அடித்தது. எனக்கு ஸ்டென்ட் இல்லை என்பதை அன்றைக்குத்தான் வருத்தத்தோடு நினைத்தேன்.

ரொம்ப நேரம் கழித்து எதிர்ச் சாரியில் ஒரு குடை தெரிந்தது. கட்டம் போட்ட புடவை. பெரிய கண்ணாடி. தோளில் ஒரு பை. அவர் ரோட்டைக் கடக்கவில்லை. ஒரு மருந்துக்கடை வாசலில் நின்று எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். நடுவில் பெங்களூர் டிராஃபிக்.

நான் கையை உயர்த்தினேன். அவர் உயர்த்தவில்லை.

பையிலிருந்து எவர்சில்வர் டிபன் டப்பா ஒன்றை எடுத்தார். குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மூடியைத் திறந்து, சாவியை எடுத்தார். காரை நோக்கி நீட்டி பட்டனை அமுக்கினார்.

கீக்... கீக்!

இரண்டு விளக்குகளும் கண் சிமிட்டின. அடுத்த நொடியே மறுபடி அமுக்கிப் பூட்டிவிட்டார்! பிறகுதான் ரோட்டைக் கடந்து வந்தார்.

"தள்ளி நில்லுங்க" என்றார் என்னிடம். சேகரிடம், "நீங்க உக்காருங்க. எந்திரிக்காதீங்க." அந்தக் குரலுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. பல வருடம் வகுப்பறையில் பழகிய குரல் என்று கேட்ட மாத்திரத்திலேயே தெரிந்தது.

கார்க் கதவை அவரே திறந்தார். டேஷ்போர்டை அவரே இழுத்தார். பச்சை டப்பாவை வெளியே எடுத்து, ஒரு மாத்திரைப் பட்டையை உருவி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். அடுத்த பட்டை. அடுத்தது.

திரும்பியபோது அவர் முகம் வேறாக இருந்தது.

"எங்க வீட்டுக்காரரும் இதேதான் போட்டாரு" என்றார். பின் சேகரைப் பார்த்து, "இத காருக்குள்ள வெக்கலாமா? வெயில்ல கார் எப்படிக் கொதிக்கும்? சட்டைப் பையில வெக்கணும்னு டாக்டர் சொல்லலையா? எத்தனை தடவ சொன்னாலும் கேக்கறதில்ல நீங்க யாருமே!"

"சாரி மேடம்" என்றார் சேகர். எனக்கு அவர் இப்படி ஒருநாளும் சாரி சொன்னதில்லை.

சாவி என் உள்ளங்கைக்கு வந்தது. மாத்திரை சேகரின் சட்டைப் பைக்குப் போனது. ஓட்டலிலிருந்து மூன்று காபி வாங்கி வந்தேன். ஒன்றை அந்த அம்மாவிடம் நீட்டினேன்.

"வெளி ஆளுங்க குடுக்கறத நான் சாப்பிடறதில்ல" என்றார். நான் டம்ளரைப் பின்னுக்கு இழுத்தேன். கொஞ்சம் யோசித்து, "நீங்க வெச்சிருக்கற டம்ளர குடுங்க" என்று என்னுடையதை வாங்கிக்கொண்டார். அது நான் குடிக்க எடுத்தது என்பதால்!

காபி குடித்தபடியேதான் பேசினார். பேர் ஸ்டெல்லா. லிங்கராஜபுரத்தில் வீடு. பள்ளிக்கூட டீச்சர், ரிட்டயர்ட். மகன் வெளிநாட்டில். தனியாக இருக்கிறார். அவரைக்காய்க்கு மட்டும் மல்லேஸ்வரம் வருவார்.

"போன வருஷம் ஒரு போன் வந்துச்சும்மா. போலீஸ்னாங்க. வீடியோல யூனிபார்ம் போட்டு உக்காந்திருக்கான். என் பேருல கேஸ் இருக்கு, டிஜிட்டல் அரெஸ்ட்னான். கதவ சாத்திக்கோ, யாருகிட்டயும் பேசாத, கேமரா முன்னாடியே உக்காருன்னான். காலைலேர்ந்து உக்காந்தேன். சாப்பிடல. பாத்ரூம் போகணும்னாகூட அவங்கிட்ட கைய தூக்கிப் பர்மிஷன் கேட்டேன்." டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வருஷக் கணக்கா பசங்க என் முன்னாடி கைய தூக்கி நிப்பாங்க, 'மிஸ், மே ஐ கோ'ன்னு. நான் அன்னிக்கு அவன் முன்னாடி அப்படி நின்னேன். பேங்க்ல இருந்ததெல்லாம் போச்சு. அதுகூட பரவால்ல. இந்தக் கைய தூக்கினேன் பாருங்க... அத நினைச்சாத்தான் ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது."

சேகர் மெல்லக் கேட்டார். "இவ்வளவு நடந்த பிறகும் எங்களுக்கு எப்படிப் போன் பண்ணீங்க மேடம்?"

"தெரியாத நம்பர நான் எடுக்கறதே இல்ல. அதுக்கப்புறம் நானா தெரியாத நம்பருக்குப் பண்ணது இதான் மொத தடவ. டேக்க கையில வெச்சிக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். யாராவது வெயில்ல நிப்பாங்களேன்னு ஒரு பக்கம் தோணுச்சு. கூட்டமா வந்து கழுத்த அறுத்துட்டா என்ன பண்றதுன்னு இன்னொரு பக்கம் தோணுச்சு. ரெண்டும் சேர்ந்துதாம்மா தோணுச்சு. பயந்துகிட்டேதான் வந்தேன்."

அப்படிப்பட்டவரின் போனைத்தான் நான் கட் பண்ணியிருந்தேன். அவர் மறுபடி பண்ணினார்.

முன்பின் தெரியாதவருக்கு உதவ வேண்டுமென்றால், முதலில் அவரை நம்ப வேண்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படியொன்றும் கட்டாயமில்லை போலிருக்கிறது. இந்தக் காலத்தில் சந்தேகத்தை விட்டுவிட்டு வா என்று யாரிடம் சொல்ல முடியும்? அதையும் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வந்தார் ஸ்டெல்லா மிஸ். வந்தார் என்பதுதானே விஷயம்?

"வாங்க மேடம், வீட்டுல இறக்கி விட்டுடறோம்" என்றார் சேகர்.

அவர் காரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடி காரைப் பார்த்தார்.

"வேணாம்ப்பா. நான் பஸ்லயே போய்க்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

எடுத்துக்கொள்ளவில்லை. பஸ் ஸ்டாப் வரை கூடவே நடந்தோம் — அதற்கு மட்டும் அனுமதி கிடைத்தது. பஸ் வந்தது. ஏறினார். எங்கள் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எங்களையே பார்த்தார். நாங்கள் பின்னால் ஏறுகிறோமா என்று பார்த்தாரா, விடைபெறத்தான் பார்த்தாரா? எனக்குத் தெரியவில்லை.

பஸ் நகர்ந்தது. நான் கையசைத்தேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அந்தக் கையை மெதுவாகத் தூக்கி, ஆட்டினார்.

சந்தேகமாகத்தான் ஆட்டினார்... ஆனாலும் ஆட்டினாரே!